வெள்ளை மாத்திரை இரண்டு

கட்டிலிலிருந்து எழுந்தேன். தரை நழுவியது. அன்று காலை அது மூன்றாவது முறை. குளியலறை வாசலில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன்.

மனைவி இறந்தபின் ரந்தாவ் பக்கத்துத் தோட்ட வீட்டில் தனியாக இருப்பவன் நான். லோபாக்கில் இருக்கும் மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தாள். நானே கொடுத்துவிட்டேன்.

மருத்துவமனையில் ஹைப்போடென்ஷன் (இரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவது) என்றார்கள். எனக்கு இருப்பதோ இரத்தக் கொதிப்பு.

"பிரஷர் மாத்திரை எத்தனை போடுறீங்க, அங்கிள்?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு."

"ஒண்ணுதானே எழுதியிருக்கு?"

செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன் நான். நிறத்தைப் பார்த்துத்தான் குலையை வெட்டச் சொல்வேன். நிறம் ஏறாத குலையில் எண்ணெய் குறைவு. ஆறு வருடமாக ஆரஞ்சு நிறத்தில் வாங்கிய மாத்திரை, நான் விழுவதற்கு முந்தின மாதம் வெள்ளையாக, சின்னதாக வந்தது. சத்துக் குறைந்த சரக்கு என்று நானே முடிவு கட்டி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன்.

மருந்து அதேதான், தயாரிக்கும் கம்பெனிதான் மாறியிருக்கிறது என்றார் டாக்டர். பெயரைப் படிக்கவில்லையா என்றும் கேட்டார். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆரஞ்சு காலையில், ரோஸ் ராத்திரியில் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே கிளினிக்தான். பெயரை ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. நிறம் மாறியபோதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

என் முட்டாள்தனமும் உண்டு, மறுக்கவில்லை. கவுண்டரில் கேட்டிருக்கலாம். பின்னால் நீண்ட வரிசை நின்றது. உங்கள் மாத்திரை வேறு நிறத்தில் வந்தால் வரிசை கிடக்கட்டும், கேட்டுவிடுங்கள்.

மாவுக்கட்டோடு மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். என் நான்கு மருந்துகளின் பெயர்களையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்தேன். மறுபடி என் வீட்டுக்குப் போய்த் தனியாக இருக்க எனக்கு வேறு வழி இல்லை. பள்ளிப் பிள்ளையைப் போல மகள் முன்னால் நின்று ஒப்பித்தேன்.

"எல்லாம் சரிதாம்பா. ஆனா எனக்குப் பயமா இருக்குலா," என்றாள். நாளுக்கு ஒன்றாக ஏழு மூடியும், உள்ளே காலைக்கும் ராத்திரிக்கும் தனிக்குழியும் வைத்த பெட்டி ஒன்றை எடுத்து, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி நிரப்பினாள்.

அந்தப் பெட்டியோடுதான் வீடு திரும்ப விட்டாள். மழை வந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. ஞாயிறுதோறும் மகள் வந்து பெட்டியை நிரப்புகிறாள், பெயர் போட்ட அட்டைகளைக் கையோடு கொண்டுபோகிறாள். ஒரு மூடிக்குள் காலியானால் ஒரு நாள் போயிற்று. நிறத்தை நம்ப இப்போது எனக்கும் பயம். நான்கு பெயர்களும் தலைகீழாகத் தெரியும். உள்ளங்கையில் கிடப்பதில் எது எதுவென்று தெரியாமல் விழுங்குகிறேன்.