உப்பில்லாத கீரை

சித்தப்பா பிரான்சுக்குப் போனபோது அவர் வளர்த்த இரண்டு மீன்கள் எங்கள் வீட்டில் நின்றுவிட்டன.

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டுப் பெண்ணை அவர் கட்டிக்கொண்டார். பதிவுக் கல்யாணம் முடிந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. சித்தப்பாவைத் தூக்கி வளர்த்த அண்ணன் அப்பா.

"அந்த மீனுக்கு இந்த வீட்ல ஒரு பருக்க போடக்கூடாது. வளத்தவன் வந்து பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சேதராப்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சித்தப்பா செல்லில் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வீடு சாரம் பகுதியில்.

சிக்லிட் மீன்கள் அவை. ஒரு சாணுக்கு மேல் நீளம். தலை குங்குமச் சிவப்பு. வயிற்றில் மஞ்சளாகி, வாலுக்கு வரும்போது பச்சையும் நீலமுமாகிவிடும். சாயங்கால வெயில் தொட்டியில் விழுந்தால் தண்ணீரின் வெளிச்சம் சுவரெல்லாம் அலையும். தரையில் படுத்துப் பார்ப்பேன். வீடே மெதுவாக மிதந்து எங்கோ போவது போல இருக்கும். அப்படியே தூங்கிப்போவேன்.

அவ்வளவு பெரிய மீன், தின்பது கீரை. சித்தப்பா தினமும் வேகவைத்துப் போடுவார். "மீனு கூடக் கீர துன்னுது, உனக்கு இன்னாடி?" என்று கேலி செய்வார். எனக்குக் கீரை ஆகாது.

அப்பா சொன்ன மறுநாள் மீன்கள் கண்ணாடியில் வாயை வைத்து என்னையே பார்த்தன. அன்று சோற்றோடு கீரை. "தட்டுல ஒண்ணும் மிச்சம் வெக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். கீரையை அள்ளித் தொட்டியில் போட்டேன். இழுத்து இழுத்துத் தின்றன. காலித் தட்டைக் காட்டினேன்.

"பரவால்லயே, எம் பொண்ணு" என்றாள் அம்மா.

அதிலிருந்து தினமும் கீரை. கடையவில்லை, பூண்டு இல்லை, வெறும் வெந்த இலை. ஒரு தரம் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். குழம்பில் மட்டும் உப்பு சரியாக இருந்தது.

அடுத்த வருஷம் சித்தப்பா சித்தியோடு வந்தார். வாசலிலேயே நின்றார். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. சித்தப்பா அங்கிருந்தே தொட்டியை எட்டிப் பார்த்தார். மீன்கள் முன்னைவிடச் சிவப்பாக இருந்தன.

"கீர போட்டது யாரு?"

"நான்தான். யாருக்கும் தெரியாம" என்றேன். அடி விழும் என்று பார்த்தால், அம்மா சிரித்தாள்.

"வாரத்துக்கு ஒரு தரம் பாதித் தண்ணி மாத்தணுமே. அது யாரு மாத்துனது?"

நான் முழித்தேன். அம்மா அப்பாவின் பேப்பர் பக்கம் பார்த்தாள்.

"வந்தவங்கள உள்ள வந்து உக்காரச் சொல்லு" என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அந்த வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை நான் ட்யூஷன் விட்டு வரும்போதெல்லாம் அப்பாவின் சட்டைக் கை தோள்வரை நனைந்திருக்கும். வண்டி கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வண்டி வாசலில் தூசியோடுதான் நிற்கும்.