மூன்றாம் வரிசையில் வந்த தண்ணீர்

அப்பா அந்தச் சதுர பேட்டரியை நாக்கில் தொட்டுப் பார்த்தபோது அவருடைய இடது கன்னம் ஒருமுறை துடித்தது. அந்தச் சின்ன பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உயிர் இருந்தால் கட்டெறும்பு மாதிரி சுருக்கென்று கடிக்கும், செத்திருந்தால் வெறும் தகர ருசிதான். கன்னம் துடித்த மறுநொடியே அப்பா எங்கள் அத்தையிடம் திரும்பி, "செத்துப்போச்சு, அதுதான் காரியம்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினைந்து வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்பா கல்ஃபில் ஒரு கம்பெனிக் குடியிருப்பின் தோட்டத்தைப் பராமரித்தவர். மணலில் புல் வளர்த்த பெருமை அவருக்கு. மார்த்தாண்டம் பக்கம், கம்பை ஒடித்துக் குத்தினாலே மரச்சீனிக் கிழங்கு முளைக்கிற மண்ணில், வீட்டு முன்னால் புல்தரை போட்டு அதற்கு ஸ்பிரிங்க்ளரும் வைத்தபோது ஊரே சிரித்தது. வாசலிலிருந்து வீடு வரைக்கும் நான்கு வரிசை. போர்ட்டிகோ சுவரில் ஒரு பெட்டி. அதில் நேரத்தை வைத்துவிட்டால் ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீர் விடும். வரிசைக்கு ஒரு வால்வு, வீட்டுக்குப் பின்னால் பச்சை மூடி போட்ட குழிகளில். கரண்ட் போனாலும் பெட்டிக்கு நேரம் மறக்காமல் இருக்கத்தான் அந்த பேட்டரி. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்லுக்குள்ளிருந்து எழும்பித் தண்ணீர் பீய்ச்சும் நாசில்களில் அடைத்துப்போனவற்றைக் கழற்றி ஊசியால் மண்ணைக் குத்தி எடுப்பார். வரிசைகளில் ஒன்று சோம்பி எழும்பினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு.

அப்பா அந்தப் பொய்யைச் சொன்னது அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில். அத்தை கொண்டுவந்த சம்பந்தம் அது. அப்பாவை வளர்த்து ஆளாக்கி, கல்ஃபுக்கு அனுப்பியவள் அத்தை. அவள் ஒன்று சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களைப் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. அவள் காப்பித் தட்டோடு வந்து குனிந்த நேரம், நாற்காலிகளுக்கு நடுவே மூன்றாம் வரிசையின் ஐந்து நாசில்கள் ஒன்றாக எழும்பின. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பட்டுச்சேலை முழுவதும் நனைந்தது. "அவமானப்படுத்தவா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் காரில் ஏறிப் போனார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சனியன் பிடித்த சிரிப்பு, வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புதான் எனக்கு எதிரான முதல் சாட்சி. இரண்டாவது சாட்சி, போகிற வருகிற நேரமெல்லாம் அந்தப் பெட்டியின் பொத்தான்களை அமுக்கிப் பார்க்கும் என் கெட்ட பழக்கம். அன்று காலையிலும் அமுக்கினேன். எதை அமுக்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை. காலையில் கரண்ட் போய் வந்ததில் பெட்டி நேரம் தப்பிவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார், ஊரும் நம்பியது. ஆனால் கன்னம் துடித்ததைப் பார்த்தவள் நான். என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொல்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அன்று இரவு அக்கா என்னிடம், "இப்ப ஒனக்கு சமாதானம் ஆச்சாட்டி?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. பிறகு மூன்று வருடம் அவளுக்கு ஒன்றும் அமையவில்லை. நாகர்கோவிலுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் கிறிஸ்துமஸுக்கு வந்து கேக்கைத் தந்துவிட்டுப் போவதோடு எங்கள் உறவு சரி. அப்பா மட்டும் புது வருடம் தோறும் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து பேட்டரி மாற்றினார். எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார். வீட்டையும் புல்லையும் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பேட்டரி மாற்ற நான் மறந்துபோயிருந்த ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சொல்லிவைத்தாற்போல் அகால நேரத்தில் தண்ணீர் எழும்பியது, வாசலை ஒட்டிய முதல் வரிசையில். அது முடிந்து இரண்டாவது, பிறகுதான் மூன்றாவது. பழைய பெட்டி அது. எந்தப் பொத்தானை எப்படி அமுக்கிப் பார்த்தும் முதல் வரிசையில் இருந்துதான் தொடங்கியது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, நனைந்த நாற்காலிகளை வாசல் பக்கத்துக் காய்ந்த புல்லில் கவிழ்த்துப் போட்டவள் நான். முதல் வரிசையில் அன்று ஒரு சொட்டு விழவில்லை. மூன்றாவது மட்டும் தனியாக எழும்ப வேண்டுமென்றால், பின்னால் அந்தப் பச்சை மூடியைத் திறந்து வால்வின் திருகை யாராவது கையால் திருப்பியிருக்க வேண்டும்.

எனக்கு முதலில் இந்தக் குழாய்களைப் போட்டுத் தந்த பிளம்பர் அண்ணன் மேல்தான் சந்தேகம். குழாய் எதுவும் கோளாறாகி விருந்தாளிகள் முன்னால் மானம் போகக் கூடாதென்று அப்பா அவரை அன்று பின்பக்கம் நிறுத்தியிருந்தார். நாசில் மாற்ற வேண்டுமென்று பொய் சொல்லி அவரை வரவழைத்தேன். நான் கேட்டதும் அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஆளே போயாச்சு, இனி என்ன மக்கா. மாப்பிள வாசல்ல வச்சு கார் டிரைவரக் கன்னத்துல அடிச்சான். வண்டியில ஏதோ கீறல் விழுந்துட்டாம். அந்த மனுசனுக்கு ஒங்க அப்பா வயசு இருக்கும். ஒங்க அப்பா அதக் கண்டுட்டு நேரா பின்னால வந்தாரு. அவங்க உக்காருகது வர எட்டிப் பாத்துட்டு நின்னாரு. மூணாவது மூடியத் தொறந்தாரு. யாருட்டயும் பறையப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

நான் அதையும் முழுதாக நம்பவில்லை. அவர் போன பிறகு திருகை நானே கால் சுற்று திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசை மட்டும் எழும்பியது. வாசல் பக்கத்துப் புல் காய்ந்தே கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தையிடம் முடியாது என்று சொல்லத் தைரியமில்லாத அப்பாவுக்கு, பெண்ணைக் காப்பாற்றக் கிடைத்த வழி இதுதான். அதற்கு நான் பழியைச் சுமந்தேன் என்று நினைத்தபோது அவர் மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி வந்தாள். மூன்றாம் வரிசைப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மாற்றுவதற்கு நான் வாங்கி வைத்திருந்த புது பேட்டரியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அப்பாக்க கன்னம் துடிச்சத நானும் கண்டேன்ட்டி" என்றாள்.

"பொறவு?"

"ஒனக்காகப் பொய் சொல்லுறாருன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் அக்கா."

அக்கா பேட்டரியை நாக்கில் வைத்தாள். கன்னம் துடித்தது. கண் நிறைந்திருக்க, அப்பாவின் அதே குரலில், "செத்துப்போச்சு, அதுதான் காரியம்" என்றாள்.