பார்க்காத பதிப்பில் அச்சான பெயர்

என் ஓரகத்தியை அலுவலகத்தில் எல்லோரும் ‘கமா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு கால்புள்ளி இடம் மாறிவிட்டது என்று, அச்சகத்துக்குக் கிளம்பிய புத்தகத்தை வாசலில் மறித்துத் திருப்பிக் கொண்டுவந்தவள். கேலிக்கு வைத்த பெயர். அவள் அதைப் பட்டம் போல வாங்கிக்கொண்டாள். என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். ஒரே வீடு, அவர்கள் மாடியில், நாங்கள் கீழே.

அவளுடைய கம்பெனி மருத்துவமனைகளுக்குக் கருவிகள் செய்தது. நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக, அளவு பிசகாமல் ஏற்றும் பம்பு அதில் முக்கியமானது. அதை எப்படிப் பூட்டுவது, எந்த மணி அடித்தால் எதைப் பார்ப்பது என்று செவிலியர்களுக்குச் சொல்லும் கையேட்டை எழுதுவதுதான் அக்காவின் வேலை. பதினெட்டு வருடம். வார்டில் போய் ஓரமாக நிற்பாள். செவிலியரின் விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்ப்பாள். பிறகு வந்து எழுதுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ‘சிறு கலந்துரையாடல்’ என்று கணினியில் ஓர் அழைப்பு வந்தது. அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் முன்பின் பார்க்காத ஒரு பெண் காகிதத்தைப் பார்த்து வாசித்தாளாம். மறுசீரமைப்பு, கடினமான முடிவு, உங்கள் பங்களிப்புக்கு நன்றி. அக்கா ஒரு கேள்வி கேட்க வாயைத் திறந்தபோதே திரை அணைந்துவிட்டது. கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஒரு வாரம் கழித்து அவளுடைய மேசைச் சாமான்கள் அட்டைப்பெட்டியில் வந்தன. கோப்பையின் காது உடைந்திருந்தது. அடியில் யாருடையதோ ஒரு ஸ்வெட்டர். எடுத்து வைத்தவனுக்கு எது யாருடையது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் குப்பையில் போட்டிருப்பேன். அக்கா அதைத் துவைத்து, மடித்து, உரியவளைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். அவளையும் அதே செவ்வாய்க்கிழமைதான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

அதன்பின் நேர்காணல்கள். ஓர் இடத்தில், இளைஞர்களுக்குக் கீழே வேலை பார்க்கச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டார்கள். இன்னோர் இடத்தில் இரண்டு நாள் உட்காரவைத்து மாதிரிக் கையேடு எழுதி வாங்கிக்கொண்டு, தகவல் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். தகவல் வரவில்லை. அவள் எழுதியது மட்டும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் வந்தது. அன்று மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள், “இனிமே ஒருத்தர்கிட்டயும் வேலை கேட்டுப் போறதா இல்ல. வேலை இருக்கிறவங்க வரட்டும். நான் என் பேர்லயே செஞ்சு குடுக்கிறேன்.”

இஸ்திரி போடும் அறையைக் காலி செய்து மேசை போட்டாள். சொந்தக்காரர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், பார்சல் வந்தால் வாங்கி வை, குழாய்க்காரன் வருவான் பார்த்துக்கொள் என்று ஆளாளுக்கு ஏவினார்கள். அவளுடைய கணவரே முதல் மாதம் அப்படித்தான் இருந்தார். பிறகு அவர்தான் கதவில் ‘உள்ளே வேலை நடக்கிறது’ என்று எழுதி ஒட்டினார்.

முதலில் கிடைத்தது குழந்தைகளைத் தள்ளிப்போகும் வண்டி ஒன்றுக்கான குறிப்பு. அக்கா எழுதியதைப் படித்து நான்தான் வண்டியை மடித்துப் பார்க்க வேண்டும். குறிப்பின் நான்காவது படியில் விரலை நசுக்கிக்கொண்டேன். நான் கத்தியதைப் பொருட்படுத்தாமல் நான்காவது படியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். மறுபடி மடிக்கச் சொன்னாள். மடித்தேன். நசுங்கவில்லை. அதன்பிறகு வெந்நீர்க் கருவி, தையல் எந்திரம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

நான்கு மாதம் ஆகியிருக்கும். பழைய மேலாளர் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்ததாம். பம்பின் புதிய பதிப்பை ஒரு முறை பார்த்துத் தர வேண்டும், மூன்று நாள் ஒப்பந்த வேலை. போகாதீர்கள் என்றேன். அக்காவோ, அந்தக் கையேடு என்ன ஆனதோ பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

வாசலில் பதினெட்டு வருடமாக வணக்கம் சொன்ன காவலாளிதான் அவளைப் படம் பிடித்து, ‘பார்வையாளர்’ அட்டையைக் கழுத்தில் மாட்டினார். மன்னிச்சுக்கோங்கம்மா என்று தலையைக் குனிந்துகொண்டாராம். கழிப்பறைக்குப் போகக்கூடத் துணைக்கு ஆள் வர வேண்டும் என்பது விதி. அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்றாம் நாள்தான் கூப்பிட்ட காரணம் தெரிந்தது. அவளை அனுப்பிய மறுமாதமே, செலவைக் குறைக்கிறோம் என்று கையேட்டைப் பாதியாகச் சுருக்கியிருந்தார்கள். அதில் ஓர் எச்சரிக்கை போய்விட்டது. மணியை நிறுத்தினால் சத்தம்தான் நிற்கும், மருந்து மறுபடி ஓடத் தொடங்காது, அதற்குத் தனியாக இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று அக்கா வார்டில் நின்று பார்த்து எழுதிய வரி. ஒரு மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் மணியை நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறார். முக்கால் மணி நேரம் மருந்து ஓடவில்லை. புட்டியில் மட்டம் இறங்கவே இல்லையே என்று நோயாளியின் மனைவி கவனித்ததால் அந்த மனிதர் பிழைத்தார். கம்பெனி, தவறு செவிலியருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மேலாளர் ஒரு தாளை நீட்டினார். சுருக்கிய பதிப்பைச் சரிபார்த்தவர் அக்காதான் என்று அதில் இருந்தது. பதிப்பின் கடைசிப் பக்கத்திலும் அவள் பெயரே அச்சாகியிருந்தது. பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்துவிட்டது, ஒரு கையெழுத்துப் போட்டால் ஆவணம் சரியாகிவிடும் என்றார்.

“இது அச்சாகிறப்ப நான் இங்க இல்லையே சார். நீங்கதானே அனுப்பினீங்க.”

“நீ எப்பவும் நம்ம குடும்பம்தாம்மா. சும்மா ஒரு நடைமுறைதான்.”

“கழிப்பறைக்குக் கூட ஆள் வெச்சு அனுப்புறீங்க. எந்தக் குடும்பத்துல சார் அப்படிச் செய்வாங்க? நான் பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன். கையேட்டுல குறையில்லன்னு காட்டி அந்தப் பொண்ணு மேல பழி போட என் பேரு எதுக்கு?”

அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். வந்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று அந்த மருத்துவமனைக்கு. இன்னொன்று மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு. தான் வேலையை விட்டு அனுப்பப்பட்ட தேதி, பதிப்பு வெளியான தேதி, விடுபட்ட வரி. வேறு ஒரு வார்த்தை கூட்டவில்லை. நான் இரண்டு வசவுகளாவது சேர்க்கச் சொன்னேன். கேட்கவில்லை.

பத்தே நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரகசியத்தை வெளியிட்டுவிட்டாளாம். ஒரு மனிதன் சாகக் கிடந்தது இவர்களுக்கு ரகசியம். அதன்பின் இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அழைப்பு மணி அடித்தாலே பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அக்காவின் மகள் திடுக்கிட்டு எழுந்திருப்பாள். வந்துகொண்டிருந்த இரண்டு ஒப்பந்தங்களும் நின்றன. பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று ஒரு மாலை அக்காவே கேட்டாள். அவளுடைய கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று, “எதுக்குன்னு மன்னிப்புக் கேப்ப? அதை எழுதிக் காட்டு பாப்போம்” என்றார். அக்கா தாளை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு வரியும் எழுத வரவில்லை.

பிறகு கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஆட்கள் கம்பெனிக்குப் போனார்கள். பதிப்பு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. விடுபட்ட வரி கையேட்டுக்குத் திரும்பியது; அக்காவின் பெயர் கடைசிப் பக்கத்திலிருந்து போனது. நோட்டீஸைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. வருத்தம் என்று ஒரு வார்த்தையும் யாரும் சொல்லவில்லை. மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம்.

ஆனால் அந்தச் செவிலியர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒருநாள் தலைமைச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமைச் செவிலியர்தான் பேசினார். ஒவ்வொரு கருவியிலும் தொங்கவிட ஓர் அட்டை வேண்டும், நின்றபடியே படிக்கும்படி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இப்போது மூன்று மருத்துவமனைகளுக்கு அக்கா அந்த வேலையைச் செய்கிறாள். தான் பார்த்ததில் மட்டுமே தன் பெயரைப் போட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒப்பந்தத்தின் முதல் விதி.

வேலை போனதுகூட ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று போன மாதம் ஒரு சொந்தக்காரர் அவளிடம் சொன்னார். அன்று அவளுக்குக் காய்ச்சல். சம்பளத்தோடு விடுப்பு என்று ஒன்று இப்போது இல்லாததால், போர்வையைப் போர்த்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் எப்படியோ பொழைச்சுக்கிட்டேன். அதுக்காக அவங்க செஞ்சதை நல்லதுன்னு சொல்லாதீங்க” என்றாள்.

அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். போகட்டும் என்று நானும் தடுக்கவில்லை.