ஏற்றத்தில் இறங்கியவர்

டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கைகாட்டி என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார். தலையில் ஈரக் கம்பளி, சவரம் காணாத முகம். வண்டி வாங்கிய கம்பெனியில் முந்தைய நாள்தான் சர்வீஸுக்கு விட்டு எடுத்திருந்தேன். ஆனாலும் அது ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஏற்றம் வந்தால் நான் சொல்லாமலே அவர் இறங்கிக் கூடவே நடப்பார்.

ஓரிடத்தில் நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. அவரோ குந்தியிருந்து, பின்சக்கரத்தின் நடுவில் விறைத்த கைகளைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா சூடா இருக்குங்க."

சர்வீஸில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். சக்கரம் உரசிக்கொண்டே சுற்றியிருக்கிறது. தளர்த்தினேன். வண்டி இப்போது சுலபமாக ஏறியது.

பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"மெதுவாவே போங்கய்யா. புள்ள செத்தது வீட்டுல இன்னும் தெரியாது."

அவர் வீடிருந்த தோட்டத்து லயம் வரும்வரை நான் முதல் கியரை மாற்றவில்லை.