நாட்டு சான்சி

2018 அக்டோபர் 8. சீனாவின் தேசிய நாள் விடுமுறை முடிந்து ஷுவாங்ஹே மருந்துச் சந்தை மறுபடி திறந்த நாள். அன்று காலை வியாபாரம் ஓய்ந்ததும், பேருந்து நிலைய வாசலில் மிளகுச் சூப்பு விற்கும் பாங் சுன்யான் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடியே கிழக்கு வாயில் வழியாகச் சந்தைக்குள் போனாள். கணவன் கெங் ஃபூஷெங் கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவன். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்து, எலும்பு முறியாமல் தப்பி, இடுப்பு முழுக்க ரத்தம் கட்டிப் படுத்திருந்தான்.

அடிபட்டு ரத்தம் கட்டினால் சான்சி. எங்கள் ஊரில் இதைச் சொல்ல வைத்தியர் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். யூனான் மலைச்சரிவில் விளைகிற முண்டும் முடிச்சுமான வேர் அது. பொடித்து, வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும்.

சுன்யான் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. வென்ஜௌ செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவியே இளமையைக் கழித்தவள். ஊர் திரும்பி, சேர்த்த காசில் சூப்புக் கடை போட்டாள். மிளகு வாங்கப் போனால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை முகர்ந்து பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பிப்பாள். "நாய் மூக்கு வருது, நல்ல மூட்டையை முன்னால வை" என்று மொத்த வியாபாரிகள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த மூக்கும் அன்று உதவவில்லை. அவளை வீழ்த்தியது ஒரு சொல்.

ஹௌ லிச்சுன் கடையில் வேர்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. வாட்டசாட்டமான ஆள், வாய் நிறையச் சிரிப்பு.

"சான்சி இருக்கா தம்பி?"

"எது வேணும்க்கா? யூனான் சான்சியா, நாட்டு சான்சியா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்க வீட்டுக்குக் கோழி வாங்கினா பண்ணைக் கோழி வாங்குவீங்களா, நாட்டுக் கோழி வாங்குவீங்களா?"

"இதென்ன கேள்வி. நாட்டுக் கோழிதான்."

"முட்டை?"

"நாட்டு முட்டை."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

'நாட்டு' என்பதற்குச் சீனத்தில் சொல் 'து'. மண் என்று அர்த்தம். எந்தப் பொருளின் பெயருக்கு முன்னாலும் அதைப் போட்டால் நம் மண்ணில் விளைந்தது, கலப்படம் இல்லாதது என்று ஆகிவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த ஓர் எழுத்துக்காக விலை கூடக் கொடுப்பார்கள். சுன்யான் ஒரு பை நிறைய வாங்கினாள். முகர்ந்தும் பார்த்தாள். மண் வாசனைதான் அடித்தது. அதுதானே வேண்டும்?

கடையோரம் அரவை இயந்திரம் இருந்தது. மேலே பலகை: 'அரைப்பது இலவசம். சுவிட்சை நீங்களே போடவும்.' எங்கள் சந்தையில் இப்படிப் பலகை தொங்காத வரிசை கிடையாது. வாடிக்கையாளர் கண் முன்னால் அரைபடட்டும், வேறெதுவும் கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகக் கடைக்காரர் செய்கிற மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சுன்யான் வேரைக் கொட்டினாள், சுவிட்சைப் போட்டாள், பொடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கெங் தினமும் காலையில் ஒரு கரண்டி குடித்தான். இடுப்பு வலி குறைந்தது, அல்லது குறைந்ததாகத் தோன்றியது. குளிர்காலம் தொடங்கிய பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. மனைவி கைச் சூப்பு உடம்பில் ஒட்டுகிறது என்று முதலில் சிரித்தார்கள். பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணனுக்கு இது எத்தனாவது மாசம் அண்ணி?" என்று கேட்டாள். கெங்கும் சேர்ந்துதான் சிரித்தான். பண்டிகை முடிவதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது. பெல்ட்டில் கடைசித் துளைகூட எட்டவில்லை.

மாகாண மருத்துவமனையில் ஈரல் பிரிவு டாக்டரம்மா முதலில் சாராயத்தைப் பற்றிக் கேட்டார். குடிப்பதில்லை என்றாள் சுன்யான். வேறு என்ன சாப்பிட்டார்?

"சான்சிப் பொடிதான். அதுவும் கண்டதையும் வாங்கலை டாக்டர். அசல் நாட்டு சான்சி."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அந்த 'நாட்டு'ங்கற வார்த்தையை நம்பினவங்க இந்த வார்டுல இன்னும் ரெண்டு பேர் படுத்திருக்காங்கம்மா."

சான்சியும் நாட்டு சான்சியும் ஒரே வேரின் இரண்டு தரம் அல்ல. இரண்டும் வேறு வேறு செடி. அடிபட்ட இடத்தில் கிராமத்தார் அரைத்துத் தடவியதால் நாட்டு சான்சிக்கும் சான்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது சாமந்தி குடும்பத்துச் செடி. அதிலுள்ள நஞ்சு உள்ளே போனால் ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடும். போக வழியில்லாமல் நீர் வயிற்றில் தேங்கும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஈரல் மருத்துவர்களுக்கு எப்போதோ தெரியும். வேர் விற்பதையே பிழைப்பாகக் கொண்டவனுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், சொல்பவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்க வேண்டும்.

சுன்யான் மருத்துவமனையிலிருந்து நேராக ஹௌ கடைக்குத்தான் போனாள். அவன் பதறவில்லை.

"அக்கா, நான் நாட்டு சான்சின்னு சொல்லித்தானே குடுத்தேன்? இதைச் சான்சின்னு சொல்லிக் குடுத்திருந்தா அது ஏமாத்து. நான் பேரை மாத்தலையே."

"கோழிக்கதை சொன்னியேடா."

"கோழியைப் பத்திக் கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க."

மாவட்ட மக்கள் சேவை மையத்துக்குப் போனாள். பளபளக்கும் தரை, துறைக்கு ஒன்றாக வரிசையாக ஜன்னல்கள், உட்கார மெத்தை நாற்காலி. எல்லாம் இருக்கிறது. மருந்து ஜன்னலில் இருந்தவர் பொறுமையாகவே சொன்னார்.

"இந்த வேர் அரசாங்க மருந்துப் பட்டியல்ல இல்லைம்மா. மருந்தே இல்லாததைப் போலி மருந்துன்னு நான் எப்படி எழுதறது?"

சந்தையைக் கண்காணிக்கும் துறையின் ஜன்னலில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

"முழு வேரா வித்தா அது விளைபொருள், யாரும் விக்கலாம். வெட்டினாலோ அரைச்சாலோ அது மருந்துத் தயாரிப்பு. அதுக்கு லைசென்ஸ் வேணும். அந்தாள்கிட்ட கிடையாது."

"அரைச்சுதான் வாங்கிட்டு வந்தேன். அவன் மெஷின், அவன் கடை, அவன் கரன்ட்."

"சுவிட்ச் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ சட்டப்படி தயாரிச்சது நீங்க."

அந்தப் பலகை எதற்காகத் தொங்குகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மரியாதையாம்! சட்டம் ஒரு கோடு கிழித்தது. கடைக்காரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, அந்தப் பக்கத்து வேலையை வாங்க வருகிறவன் விரலால் முடித்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் அந்தச் சுவிட்சைத் தொடாத குடும்பம் இல்லை. அத்தனை பேரும் தங்களுக்குத் தெரியாமலே லைசென்ஸ் இல்லாத மருந்துத் தயாரிப்பாளர்கள். பலகை தொங்குவது தெருவில் போகிற குருடனுக்கும் தெரியும். சந்தையைச் சுற்றி வருகிற அதிகாரிகளுக்கு மட்டும் அது வெறும் பலகை.

கடைசியாக உணவு ஜன்னல். அங்கே நிங் ரோங் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பாட்டுக்காக வாங்கினீங்களா?"

"மருந்துக்காக."

"அப்போ மருந்து ஜன்னலுக்குப் போங்கக்கா."

"அங்க மருந்து இல்லைங்கறாங்க."

"விக்கறவர் இதை உணவுன்னு எங்கயும் சொல்லலையே. சொன்னாத்தான் எங்க பக்கம் வரும்."

"சூப்பு விக்கற எனக்கு வருஷா வருஷம் ரத்தம் எடுத்துச் சோதிக்கறீங்க. நகம் வெட்டியிருக்கேனான்னு விரலை நீட்டச் சொல்றீங்க. அவன் விரலைப் பாக்க ஒரு ஜன்னல் இல்லையா உங்ககிட்ட?"

நிங் ரோங் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கெங் படுக்கையிலிருந்து, "விட்டுடு, உசிரு இருக்கில்ல" என்றான்.

"உசிரு இருக்கறப்பதான் அலைய முடியும். நீ போயிட்டா எனக்கு அழவே நேரம் பத்தாது. பேசாம படு."

அவள் கேட்டது ஒன்றுதான். இந்த ஆளுக்கு இந்த நோயைக் கொடுத்தவன் பெயரை ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் எழுதுங்கள். எழுதினால்தான் வழக்கு. வழக்கு இருந்தால்தான் சிகிச்சைக்கு அவனைப் பொறுப்பாக்க முடியும். எழுத ஒருவரும் இல்லை.

மார்ச் 15 நுகர்வோர் நாள். வருடா வருடம் இந்த ஒரு நாள் ஜன்னல்காரர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள். சந்தை வாசலில் சிவப்புத் துணி விரித்த மேசைகள், மேலே குடைகள், துண்டுப் பிரசுரம், வாங்குகிறவர்களுக்கு ஒரு துணிப்பை. பைக்காகவே ஊர் கூடும். சந்தைச் சங்கத்தார் சிலரும் மேசை போட்டுச் சரக்கைப் பரப்பியிருந்தார்கள். அதில் ஹௌவும் ஒருவன்.

சுன்யான் மூன்று சக்கர வண்டியில் சூப்பு அண்டாவோடு வந்தாள். ஒரு கிண்ணம் ஊற்றினாள். பையில் மிச்சமிருந்த பொடியை எல்லோரும் பார்க்கக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினாள். ஹௌ மேசையில் வைத்தாள்.

"தம்பி, இந்தப் பொடி உன் கடையில வாங்கின வேர்தானே?"

"ஆமாக்கா, யார் இல்லைன்னா?"

"மருந்தா இது?"

மருந்து அதிகாரி பக்கத்து மேசையில் இருந்தார். ஹௌ குரலை உயர்த்தியே சொன்னான். "மருந்தே இல்லை. நான் மருந்து விக்கறவனே இல்லை."

"பின்ன என்னது?"

"விளைபொருள். முள்ளங்கி மாதிரி, கிழங்கு மாதிரி. கறியில போட்டுச் சாப்பிடலாம். ஊர்ல எத்தனையோ பேர் சாப்பிடறாங்க."

"சாப்பிடற பொருள்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சாப்பிடற பொருள்தான்."

"அப்போ குடி."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நாலைந்து கைபேசிகள் உயர்ந்தன.

"நான் காலைலயே சாப்பிட்டுட்டேன்" என்றான் ஹௌ.

"ஒரு வாய் போதும்."

"எனக்கு மிளகு ஒத்துக்காதுக்கா."

"போன வாரம் ரெண்டு கிண்ணம் உள்ள தள்ளினியே, அப்ப ஒத்துக்கிச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"முள்ளங்கிச் சூப்புடா, ஆறிடப் போகுது" என்றது இன்னொன்று.

ஹௌ கிண்ணத்தைப் பார்த்தான். மேசையின் மறு ஓரத்துக்கு இரண்டு விரலால் தள்ளினான். அந்த இரண்டு விரலில் எல்லாம் இருந்தது. தெரியாமல் விற்றவன் ஒரு வாயாவது குடித்திருப்பான்.

சுன்யான் கிண்ணத்தை எடுத்து உணவு அதிகாரிகள் மேசையில் வைத்தாள். அங்கே நிங் ரோங் இருந்தாள்.

"சாப்பிடற பொருள்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். இத்தனை பேர் கேட்டிருக்கோம். இப்ப எந்த ஜன்னல்ம்மா?"

நிங் ரோங் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைபேசிகளைப் பார்த்தார். பிறகு அவள் பேனா மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்தாள்: பொருளின் பெயர், விற்பவர் பெயர், உணவு என்று கூறி விற்பனை.

அன்று மதியமே ஹௌ கடை மூட்டைகளுக்கு முத்திரை விழுந்தது. மாதிரி ஆய்வுக்குப் போனது. நஞ்சு உறுதியாகி, கோப்பு காவல் துறைக்கு மாறியது. நஞ்சுள்ள பொருளை உணவாக விற்பது குற்றவியல் குற்றம், சின்ன அபராதத்தோடு போகாது. நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்துச் சந்தையில், மருந்து வேரோடு வேராக வைத்து, மருந்துக்கென்று வந்தவளிடம் விற்றவனை மருந்துச் சட்டம் தொடவில்லை. அவனே வாயைத் திறந்து முள்ளங்கி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் ஒரு சூப்புக்காரிதான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சம்பளம் வாங்குகிறவர்கள் குடைக்குக் கீழே பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சந்தையில் எந்தக் கடையிலும் 'நாட்டு சான்சி' என்று எழுதிவைப்பதில்லை. கேட்டால் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். அரவை இயந்திரங்களும் பலகைகளும் அப்படியே இருக்கின்றன.

ஹௌ லிச்சுன் மீதான விசாரணை ஜூன் 11 அன்று மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்குகிறது. கெங் ஃபூஷெங்குக்கு ஈரலுக்குள் குழாய் வைக்கும் சிகிச்சை அதற்கு முந்தின வாரம்.