கால் வழியாகப் பிறந்தவன்

பட்டப்படிப்பு முட்டாள்தனத்தைக் குணப்படுத்தாது. என் பி.எஸ்ஸி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சுவருக்குக் கீழேதான், நண்பன் மிதிக்கட்டும் என்று வீங்கிய காலை நீட்டிப் படுத்தேன்.

ஓடும் மின்சார ரயிலிலிருந்து தாம்பரத்தில் ஸ்டைலாக இறங்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டவன் நான். அந்த ஸ்டைலைப் பார்க்கப் பிளாட்பாரத்தில் ஒரு நாய்தான் இருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. தொட்டால் சுட்டது, ஊன்றினால் வலித்தது. சுளுக்கு என்று தீர்ப்பெழுதினேன். சுளுக்கென்றால், பிறக்கும்போது தலைக்கு முன் கால் வெளிவந்தவர் மிதித்தால் போய்விடும் என்பார்கள். என்னோடு ரயிலில் ஆபீஸ் போகும் சிட்லபாக்கத்து நண்பன் அப்படிப் பிறந்தவன் என்பது பெட்டிக்கே தெரியும். அவனே சொன்னதுதான்.

கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, மிதித்தான். மறுநாள் படியேறும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்தியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சோடு நிற்காமல் காலையும் பார்த்தார்.

"இதைத் தேச்சீங்களா?"

"இல்ல சார். மிதிச்சாங்க."

அவர் சிரிக்கவில்லை. காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது.

"ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்தா உடனே வரணும். சின்ன வயசுலயும் இது வரும். துண்டு இன்னும் பெருசா இருந்திருந்தா நாம இப்பப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பிளேடு கீறினால் ரத்தம் நிற்காது என்று பயந்து தாடி வளர்த்தேன். காதல் தோல்வி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெரிய தவறில்லை: ரயில் பெட்டி நண்பர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், அவன் மட்டும் வரவில்லை.

பயந்திருப்பான், பாவம். நடக்க முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான்.

"கால் வழியா பொறந்தவன், நல்லதுக்குத்தான் மிதிச்சான். எனக்குக் கோவமில்லன்னு சொல்லுங்கம்மா" என்றேன் அவன் அம்மாவிடம்.

"அவனா? அவன் தலையாலதான்பா பொறந்தான். கால் வந்தது அவன் அக்காவுக்கு."

சிரித்துவிட்டு வீடு திரும்ப ஊரப்பாக்கம் பஸ்ஸில் ஏறினேன். பெருங்களத்தூர் தாண்டுமுன் சிரிப்பு தீர்ந்துவிட்டது. மிதித்ததைக்கூடப் பொறுக்கலாம். அந்த முணுமுணுப்பு?

வேலைக்குத் திரும்பிய அன்று என்னைக் கண்டதும் வேறு பெட்டியில் ஏறப் போனான். கையைப் பிடித்தேன்.

"செத்திருப்பேன்டா. பொய்யின்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏன்டா மிதிச்ச?"

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"அக்கா மதுரையில இருக்கா."