நின்றபடி வைத்த ஜன்னல்

"நான்தாம்மா படுக்கச் சொன்னேன்." இந்த மூன்று சொற்களை அன்று நான் சொல்லவில்லை. சென்ற வாரம் அப்பா கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து, "நம்ம வீட்ல ரூம்பு கட்டுன கொத்தனார் சவரிமுத்து தவறிட்டாராம்மா, நெஞ்சுவலி" என்றபோது முதலில் நினைவுக்கு வந்தவை அவைதான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கன்னிவாடிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். புது வீடு கட்டுவதைவிட, வீட்டில் சும்மா கிடக்கும் இடத்தைப் படுக்கையறையாக்கும் வேலையைத்தான் விரும்பி எடுப்பார். கார் ஷெட், மாட்டுக் கொட்டகை, மாடிப்படிக்கு அடி, எதையும் விடமாட்டார்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் பின்புறம் அப்பா சின்ன வெங்காயம் அடுக்கிவைத்த அறை ஒன்று உண்டு. கடையை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மாற்றிய பிறகு அது பூட்டியே கிடந்தது. இருபத்தாறு வயதுவரை ஹாலில் படுத்தவள் நான். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதல் நாள் பூட்டைத் திறந்ததும் சவரிமுத்து அண்ணன் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இதுல படுத்தா கனவுலயும் சாம்பார்தான் வரும் பாப்பா."

பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார். வாடை போயிற்று.

ஜன்னலுக்குச் சுவரை உடைக்கும் நாள் வந்தது. எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்டேன்.

"ஹாலுன்னா நின்னு பாத்து வச்சிரலாம். படுக்குற ரூம்புக்குப் படுத்துல்ல பாக்கணும்! எம் மக ரூம்புக்கு மூணு தடவ படுத்துப் பாத்தேன். வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கன தூங்குறியான்னு எம் பொண்டாட்டி வஞ்சா."

தரையெல்லாம் காரைத்தூள். வெறுந்தரையில் படுக்கப்போனவரைத் தடுத்து, என் பாயைக் கொண்டுவந்து விரித்தேன். தயங்கினார். "படுங்கண்ணே" என்றேன். படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இன்னும் கீழ... செத்த கீழ... அங்கதான். அங்கன வச்சா காத்து நேரா ஒம் மூஞ்சிக்கு வரும்."

அவர் சொன்ன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அப்போதுதான் அம்மா வந்தார்.

"ஏய்யா, வேல பாக்க வந்தியா, தூங்க வந்தியா? அதுவும் எங்க புள்ள பாயில!"

அவர் எழுந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் சாக்பீஸைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். அதையும் பார்த்தார்.

"தப்புத்தாம்மா. அசந்துட்டேன்" என்றார் அம்மாவிடம்.

"இனிமே அதுல யாரு படுக்குறது? நீயே எடுத்துட்டுப் போயிரு."

பாயைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

எத்தனையோ புத்தகங்களில் அநியாயத்தைப் படித்துக் கோபப்பட்டவள் நான். அம்மாவுக்குப் பயந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. வாயைத் திறந்தால் ரூமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அம்மா வேலையை நிறுத்திவிடுவாரோ என்று நினைத்தேன். அறைக்காகத்தான் பேசாமலிருந்தேன்.

அடக்கத்தன்று கன்னிவாடிக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில், மகளுக்கென்று அவர் கட்டிய அறையில் என்னை உட்காரவைத்தார்கள். தரையில் விரித்திருந்தது என் பாய்.

"இது நீங்க ஆசையாக் குடுத்த பாயின்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார் அவர் மனைவி.

தலையாட்டினேன். அங்கேயும் சொல்லவில்லை.

இதை அம்மாவும் படிப்பார். பாயை விரித்தது நான். படுக்கச் சொன்னது நான். நிம்மதியாகப் படுங்கள் அண்ணே, இனி உங்களை எழுப்ப யாரும் வரமாட்டார்கள்.

பாயை எடுத்துப் போனதற்கு மறுநாள் அவர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். சுவரில் இருந்த கோட்டைத் துணியால் துடைத்தார். "ஜன்னல எம்புட்டு ஒசரத்துல வைக்கட்டும்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஹால் ஜன்னலைக் காட்டினார். நின்றபடி அளந்து, அதே உயரத்தில் வைத்துக் கொடுத்தார். படுத்தால் காற்று எனக்கு மேலே போகிறது.